வாசகர் கேள்வி பதில்: “உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று சொன்னால் ஆயிற்றா?

ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பதைப் பற்றி ஏதாவது கேட்கவேண்டுமென்றால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு மூலையில் போட்டிருந்தோம். கோலாலம்பூர் பக்கமிருந்தும் பினாங்கிலிருந்தும் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

எங்கள் சபை வாட்சப் குழுவில் யாராவது “ஜெபிக்கவும்” என்று எழுதினால் அடுத்த நிமிடமே கைகூப்பிய படங்களாக வந்து விழுகின்றன. நானும் போடுவேன். உண்மையைச் சொன்னால், போட்டதோடு சரி. இதெல்லாம் ஜெபம்தானா?
*வாசகி, செந்தூல்*

ஜெபம் என்று சொல்லமுடியாது. ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனசு வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு, போன் திரையில் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக வந்து விழும்போது, நம்மை நினைக்க நாலு பேர் இன்னும் முழித்திருக்கிறார்கள் என்று ஒரு தெம்பு வரத்தான் செய்யும். அனுப்புகிற நமக்கு மட்டும் அதிலேயே கடமை முடிந்தமாதிரி ஆகிவிடுகிறது பாருங்கள், கோளாறு அங்கேதான்.

அடுத்த தடவை அந்தப் படத்தைத் தொடுவதற்கு முன்னால் போனைக் கீழே வைத்துவிட்டு அரை நிமிடம் வாய்விட்டு ஜெபியுங்கள். பொதுவாக “ஆசீர்வதியும்” என்று முடிக்காமல், அந்த ஆளின் பெயரைச் சொல்லி, நாளைக்கு அவருக்கு என்ன நடக்கப்போகிறதோ அதைச் சொல்லி ஜெபியுங்கள்: காலையில் ஸ்கேன், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவேண்டும், பெயர் கூப்பிடும்வரை காத்திருக்கிற நேரத்தில் பயம் பிடித்துக்கொள்ளக்கூடாது, லீவு போட்டுக் கூட வந்திருக்கிற மகனுக்கு வேலையிடத்தில் தொல்லை வரக்கூடாது. அப்புறம் தைரியம் இருந்தால் அதையே ஒரு வாய்ஸ் மெசேஜாக அவருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் வேண்டாம், குழுவில் போட்டால் நம்மை அறியாமலே பிரசங்கமாகிவிடும்.

எங்கள் சபையில் ஒரு பாட்டி பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுப்புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறார். பென்சிலில் பெயர், பக்கத்தில் என்ன காரியம், எந்தத் தேதியில் கேட்டார்கள் என்பது. காரியம் நடந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. ஆள் இறந்துபோனால் பெயரை அடிக்கமாட்டார், அதற்குக் கீழே இடம் பார்த்து அவர்களுடைய பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “உன் முதுகுவலி எப்படி இருக்கு, அந்த மாத்திரையை மாத்திட்டாங்களா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும், இவர் நிஜமாகவே ஜெபித்திருக்கிறார் என்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது வேதத்திலிருந்தே. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் 15-ஆம் அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். அதுவரை அவர் ரோமில் கால் வைத்ததில்லை. அந்த ஊர்ச் சபையாரிடம், எனக்காக ஜெபத்தில் என்னோடுகூடப் போராடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். என்னென்ன வேண்டும் என்றும் விவரமாகச் சொல்கிறார்: யூதேயாவில் இருக்கிற எதிரிகளிடமிருந்து தப்பவேண்டும், எருசலேம் சபைக்கு எடுத்துப்போகிற உதவியை அவர்கள் மனமுவந்து ஏற்கவேண்டும், அப்புறம் சந்தோஷமாக உங்களிடம் வந்து இளைப்பாறவேண்டும். நடந்தது என்ன? எருசலேமில் ஆலயத்தில் பிடித்து வெளியே இழுத்துவந்து அடித்தார்கள், ரோமச் சிப்பாய்கள் வந்து இழுத்துப்போனதால்தான் உயிர் மிஞ்சியது. செசரியாவில் 2 வருஷம் காவல். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் 3 மாதம். கடைசியில் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார், கைதியாக. கேட்டது கிடைத்ததா இல்லையா என்று சட்டென்று சொல்லிவிடமுடியாத அளவுக்குச் சிக்கலான பதில்.

ஆனால் அப்போஸ்தலர் 28-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் வருகிறார் என்று கேள்விப்பட்டு ரோமிலிருந்த சகோதரர்கள் எதிர்கொண்டு வருகிறார்கள், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும், சிலர் இன்னும் தள்ளி அப்பியுபுரம் வரைக்கும். அப்பியுபுரம் ரோமிலிருந்து கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர், அதாவது கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குப் போகிற தூரம். போவதற்கு ரயிலோ காரோ கிடையாது, சங்கிலி போட்ட ஒரு கைதியைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். ஜெபிக்கச் சொல்லி அவர் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்து சுமார் 3 வருஷம் ஆகியிருக்கும், அதைச் சபையில் வாசிக்கக் கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். “அவர்களைப் பவுல் கண்டு, தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தான்” என்று எழுதியிருக்கிறது. கவனியுங்கள், நடுக்கடலில் புயலடித்தபோது கப்பலில் இருந்தவர்களுக்கெல்லாம் தைரியம் சொன்ன மனுஷன் இவர். அவருக்கே தைரியம் தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் இந்த முகங்களைப் பார்த்தபிறகுதான் வந்திருக்கிறது.

அதனால் படம் போடுங்கள், பரவாயில்லை, அதோடு நின்றுவிடாதீர்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள்.

ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். மற்றவர்களுக்காக ஜெபிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு இப்படி ஆகிறதே என்று குற்றமனசாக இருக்கிறது.
*வாசகர், கெப்போங்*

பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரும் கெத்செமனேயில் தூங்கினவர்கள்தான், அதுவும் “என்னோடேகூட விழித்திருங்கள்” என்று ஆண்டவரே வாயைத் திறந்து கேட்டபிறகு. ஷிப்டு முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு ஜெபித்தால் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? காலையில் எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டு போகிற நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

அண்ணா, கம்பெனியில் ஆட்குறைப்பு என்று என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். சபையில் ஜெபிக்கச் சொல்லலாம் என்றால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் “ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஆரம்பித்துத்தான் வம்பே பேசுவார்கள். என்ன செய்வது?
*வாசகர், ஸ்தாப்பாக்*

தம்பி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. “அந்த வீட்டுக்காரர் மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டாராம், பாவம், ஜெபிச்சுக்குங்க” என்று சொல்லும்போது அதில் எத்தனை பங்கு பாவம், எத்தனை பங்கு ருசி என்று சொல்கிறவருக்கே தெரியும். இதற்குப் பயந்துதான் நம் ஆட்களில் பாதிப் பேர் கடன், மணவாழ்க்கைச் சண்டை, பிள்ளை போதையில் விழுந்தது எதையுமே வாய் திறக்காமல், கால்வலிக்கும் பரீட்சைக்கும் மட்டும் ஜெபம் கேட்கிறார்கள். நிஜமாகவே நொறுங்கிப்போயிருக்கிற இடம் ஜெபத்துக்கு வருவதே இல்லை.

“உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. கெத்செமனேயில் ஆண்டவர் கூட எல்லாச் சீஷர்களையும் ஓர் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்பதை மூன்று பேரிடம்தான் சொன்னார். நீங்களும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். அடுத்தவர் கதையை உங்களிடம் ஒருபோதும் சொல்லாதவர் யாரோ அவர். அவரிடம் முதலிலேயே, “இது நமக்குள்ளே இருக்கட்டும், குழுவில் போடவேண்டாம், போதகர் ஐயரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்படவேண்டாம், நல்ல ஆளாக இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

வாரத்துக்கு ஒருநாள் அவரோடு தேத்தண்ணீர் குடிக்கப் போங்கள். எத்தனை இண்டர்வியூ, எதில் கூப்பிடவில்லை, இந்த மாதக் கார் லோனுக்கு என்ன வழி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். வேலையில்லாத மாதங்களில் சொந்த ஜெபம் வறண்டுபோகும், நாலு வார்த்தைக்குமேல் வராது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் உங்கள் பெயரைச் சொல்லி உங்களுக்காகக் கேட்பதைக் காதால் கேட்பது தனி பலம், அனுபவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஜெபத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: சொக்சோ என்கிற அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதித் திட்டம் இருக்கிறது, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

என் அண்ணிக்குப் புற்றுநோய். இரண்டு சபையார் சேர்ந்து உபவாசமிருந்து ஜெபித்தோம். கடைசி வாரம் பேச்சு நின்றுவிட்டது, ஜெபிக்கும்போது என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். போய்விட்டார். அடக்கத்தன்று ஒரு அம்மா வந்து, “நம்ம விசுவாசம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா” என்று சொன்னார். அதிலிருந்து யாருக்காகவும் ஜெபிக்க வாய் வரவில்லை.
*வாசகி, புக்கிட் மெர்தாஜாம்*

அந்த அம்மா சொன்னது தப்பு. ஆறுதலாக நினைத்துச் சொல்லியிருக்கலாம், வேறு வார்த்தை தெரியாமல் சொல்லியிருக்கலாம், எப்படியிருந்தாலும் தப்புதான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லக்கூடாத சொல் அது.

விசுவாசம் குறைந்ததால்தான் ஆள் பிழைக்கவில்லை என்றால், பவுலுக்கு என்ன பதில் சொல்வது? துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவிட்டு வந்ததாக இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறு, அடிக்கடி பலவீனம், அவனுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று வைத்தியம் சொல்கிறார். தன் சொந்த உடம்பில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. எப்பாப்பிரோதீத்து மட்டும் சாகக் கிடந்து பிழைத்தான். ஒரே மனுஷன் ஜெபித்த ஜெபங்கள்தான் இவ்வளவும். ஏன் ஒருவனுக்கு அப்படி, இன்னொருவனுக்கு இப்படி என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டவில்லை, நானும் போடப்போவதில்லை.

நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஜெபிக்கும்போது அண்ணி உங்கள் கையை இறுக்கிப் பிடித்தார். பேச்சு நின்றபிறகும் காது கேட்டிருக்கிறது. தன் பெயர் சொல்லப்படுகிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது, தான் தனியாகப் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. லூக்கா 22-இல் ஆண்டவர் சீமோன் பேதுருவிடம், “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்கிறார். சீமோனுக்கு அந்த ராத்திரி வரவே கூடாது என்று அவர் வேண்டவில்லை. வந்தது, ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தான், சேவலும் கூவியது, அதற்கப்புறமும் சீமோனின் விசுவாசம் மிச்சமிருந்தது. உங்கள் அண்ணியின் கடைசி வாரத்தை இந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஜெபித்தது வீண் என்று என்னால் சொல்லமுடியவில்லை.

யாருக்காகவும் ஜெபிக்க வரவில்லை என்கிறீர்கள், சரி, இப்போதைக்கு விடுங்கள். இப்போது மற்றவர்கள் உங்களுக்காகச் செய்யட்டும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கினார்களே நாலு பேர், அங்கே இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்றுதான் மாற்கு எழுதியிருக்கிறார், படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசினதாகவே இல்லை. அந்தப் படுக்கையில் கொஞ்ச நாள் நீங்கள் படுத்துக்கொள்ளலாம்.

உங்கள் சபையாருக்கும் ஒரு வார்த்தை. அடக்கம் முடிந்த மறுவாரம் ஜெபப் பட்டியல் அடுத்த பெயருக்குப் போய்விடும். அண்ணன் இப்போது காலையில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு எப்படி அனுப்புகிறார், யார் சமைக்கிறார்கள், ராத்திரி தூங்குகிறாரா? அந்தப் பெயர்கள் எல்லாம் பட்டியலில் வரவேண்டிய நேரமே இதுதான்.

அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து, ஜெபத்தால் நோயாளிக்குப் பயனில்லை என்று நிரூபித்துவிட்டார்களாமே? என் மகன் காட்டி வாயடைக்கிறான்.
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

மகன் சொல்வது கட்டுக்கதை இல்லை. ஹார்வர்ட் டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 6 மருத்துவமனைகளில், இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. ஜெபிக்கப்படுமா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது, அதாவது வித்தியாசமே இல்லை. உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 சதவீதம். கூடிவிட்டது! ஜெபக்குழுவையே கூப்பிடுகிற அளவுக்கு என் நிலைமை மோசமா என்று பயந்திருப்பார்களோ என்பது ஆய்வு செய்தவர்களின் ஓர் ஊகம்.

எனக்கு இந்த ஆய்வின்மேல் கோபம் கிடையாது, நேர்மையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஜெபித்தவர்கள் யார் என்று மட்டும் பாருங்கள். முன்பின் தெரியாதவர்கள். நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும்தான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. மேலே சொன்ன பாட்டியின் நோட்டுப்புத்தகம் அந்த ஆய்வுக்குள் வரவே இல்லை. கடவுளைத் தராசில் நிறுத்த முடியுமா என்கிற பெரிய வழக்குக்கு நான் போகவில்லை, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிற தெம்பை அவர்கள் அளக்கவில்லை என்று மட்டும் மகனிடம் சொல்லுங்கள்.

அந்த 59-ஐ நாமும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்வது நல்லது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பத்துப் பேர் திமுதிமுவென்று வார்டுக்குள் நுழைந்து கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தால், படுத்திருக்கிறவருக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்து ஏறும். இரண்டு பேர் போங்கள், நாற்காலி இருந்தால் உட்காருங்கள், மெதுவாகப் பேசுங்கள், சீக்கிரம் கிளம்புங்கள்.

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளை முன்னால் வரச்சொல்லி, பேனாவையெல்லாம் வைத்து ஜெபிக்கிறார்களே, இது சரியா?
*வாசகி, பெட்டாலிங் ஜெயா*

பேனாவுக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குத் தைரியம் வரும், நடக்கட்டும். ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு நன்றாக வாங்கினவர்களுக்கு மாலை போட்டுக் கைதட்டுகிறோமே, அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை, அல்லது கோயிலுக்கே வராமல் வீட்டில் படுத்துக்கொண்ட பிள்ளையை, யாராவது முன்னால் கூப்பிட்டு ஜெபித்திருக்கிறார்களா? உங்கள் சபையில் அதை நீங்களே ஆரம்பித்து வையுங்கள்.

என்னோடு வேலை செய்யும் இந்துத் தோழி, ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்குப் போனால் தன் அம்மாவுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். ஏற்றலாமா?
*வாசகி, பட்டர்வொர்த்*

தாராளமாக. ஜூலை 26-ஐ ஒட்டி அந்த மலையடிவாரத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள் என்றா நினைக்கிறீர்கள்? அம்மாவின் பெயர் என்ன, உடம்புக்கு என்ன என்று அவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வேண்டுமானால் வேலையிடத்திலேயே சாப்பாட்டு நேரத்தில், “இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இதைச் சாக்காக வைத்து மதம் பேசாதீர்கள், உதவி கேட்டு வந்தவரிடம் பேரம் பேசின மாதிரி ஆகிவிடும்.

ஜெபம் கேட்டவர்கள், அப்புறம் என்ன ஆயிற்று என்று எல்லாரிடமும் போய்ச் சொல்லியாகவேண்டுமா? எனக்கு ஆபரேஷன் முடிந்து நாளாகிறது, யாரும் கேட்கவுமில்லை.
*வாசகர், ஜெலுத்தோங்*

சொல்லுங்கள். நல்லபடியாக முடிந்தாலும் சொல்லுங்கள், முடியாவிட்டாலும் சொல்லுங்கள், இரண்டு வரி போதும். யாரும் கேட்கவில்லை என்பதால் யாரும் ஜெபிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், கேட்டால் சங்கடப்படுவீர்களோ என்று தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம். நீங்கள் சொல்லாததால் உங்கள் சபையில் யாராவது ஒரு ஆன்ட்டி, எப்போதோ எடுத்துப் போட்டுவிட்ட உங்கள் பித்தப்பைக்காகத் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து இன்னும் ஜெபித்துக்கொண்டிருப்பார்.